மொட்டைமாடியில் ஒரு சிற்றரசு

ரமணாசிரமத்துக்கு எதிர்ச்சாரியில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே இறங்கும் தெருவொன்றில் என் அக்கா வீடு. மொட்டைமாடிக்கு ஏறினால் மலை மொத்தமும் கண்ணுக்கு நேரே நிற்கும். ஒரு தை மாதச் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஏறிப் போனபோது அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சார்ட் பேப்பர். காற்றுக்குப் பறக்காமலிருக்க ஒரு மூலையில் டம்ளர், ஒன்றில் செல்போன், ஒன்றில் அம்மிக் குழவி, நாலாவது மூலையில் யாருடையதோ செருப்பு. பக்கத்தில் எவர்சில்வர் தாம்பாளம். அதற்குள் கோலிக்குண்டு அளவில் பல முகம் கொண்ட பகடைகள். போன வாரம் ஒரு பகடை உருண்டு மழைநீர்க் குழாய்க்குள் போய்விட்டதாம், அதிலிருந்து தாம்பாளம்.

“என்னடா இது, பரமபதமா?” என்றேன்.

“இல்ல மாமா, கேம்பெய்ன் பிளான் பண்றோம். ஒரு சின்னப் பிரபு வீடு. கோட்டை ஒண்ணு, கிராமம் ஏழு, கடன் நிறைய.”

“யாருக்குக் கடன்?”

“அதைத்தான் மாமா இன்னிக்கு முடிவு பண்ணணும்.”

அந்தப் பதிலுக்காகவே நானும் பாயில் உட்கார்ந்தேன். கடன் யாருக்கு என்று தெரியாமல் கோட்டை கட்டுகிறவர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆட்டம் என்னவென்று அரைமணி நேரம் விளக்கினார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். வாரக்கணக்கில் தொடரும் அந்தக் கதைக்குத்தான் கேம்பெய்ன் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்று வாயாலேயே நடிப்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகப்படும் காரியம் வந்தால் 20 முகப் பகடையை உருட்டுவார்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகைக்குத் தாய். பொம்மைப் படைவீரர்களை மேஜையில் நிறுத்தி ஆடிய போர் விளையாட்டிலிருந்து பிறந்தது அது. படையை விட்டுவிட்டு ஒரே ஒரு வீரனாக ஆடினால் எப்படி இருக்கும் என்ற கேள்விதான் வித்து.

அதிலும் பிரபு வீட்டுக் கதைக்கென்று தனிக் கிளை உண்டு. கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்டிராகன்’ 1985-ல் வந்தது. அதில் ஆட்டக்காரர் ஒரு வீரன். கதையில் ஒரு வருஷம் முடிந்தால் விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, பிள்ளை பிறந்ததா என்று பகடை போட்டுப் பார்க்க வேண்டும். வீரன் செத்தால் மகன் தொடர்வான். ஜார்ஜ் மார்ட்டின் நாவல்களை வைத்து கிரீன் ரோனின் நிறுவனம் 2009-ல் வெளியிட்ட ஆட்டத்திலோ முதல் வேலையே வீட்டை உருவாக்குவதுதான். பாதுகாப்பு, செல்வாக்கு, நிலம், சட்டம், குடிகள், படை, செல்வம் என்று ஏழு எண். அந்த ஏழும் சேர்ந்தால் ஒரு வீடு.

அக்கா மகன் நோட்டைக் காட்டினான். ஏழு எண்ணும் எழுதியிருந்தான். கீழே ‘கொடி: காக்கை’. அதற்குக் கீழே ‘வாரிசு:’ என்று போட்டு வெறுமனே விட்டிருந்தான். வீட்டுக்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர்.

“இந்த ஊர் எங்கடா இருக்கு?”

“கற்பனை மாமா. மத்திய கால இங்கிலாந்து மாதிரி.”

“நம்ம மாவட்டத்துக்கே ஒரு சின்ன வீட்டோட பேரு இருந்துச்சு, தெரியுமா?”

தெரியவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அந்தப் பெயர் போய்விட்டது.

1989-ல் வடஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது எங்கள் பகுதிக்கு ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’ என்று பெயர். மனு எழுதப் போனால் அவ்வளவு நீளத்தையும் எழுத வேண்டும். மாவட்டங்களுக்கு வைத்த ஆட்களின் பெயர்களை எடுத்துவிடுவது என்று அரசு 1997-ல் முடிவு செய்ததும் சம்புவராயர் உதிர்ந்துபோனார். ஒரு சிற்றரசர் வீடு, மறைந்து ஆறு நூற்றாண்டுக்குப் பிறகு அரசாங்க முத்திரையில் ஏறி எட்டு வருஷத்தில் இறங்கியது.

சம்புவராயர் என்றதும் “பொன்னியின் செல்வன்ல வருவாரே, கடம்பூர் அரண்மனை?” என்றாள் கூட்டத்தில் ஒரு பெண். படம் பார்த்தவள். கல்கி 1950-லிருந்து 1954 வரை எழுதிய கதையில் அவர் சோழ நாட்டுக் கடம்பூர்க்காரர். கல்வெட்டில் நிற்கும் சம்புவராயர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள். போளூர் போய், சந்தவாசல் வழியாகத் திரும்பினால் படவேடு. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம் அலைமோதுகிறதே, அந்தப் படவேடுதான் அவர்களுடைய தலைநகரம். அதை அடுத்த மலைக்கு ராஜகம்பீரன் மலை என்று பெயர்.

அன்று

அந்த வீட்டின் கதையை ஒரு கேம்பெய்னாகவே சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்குச் சிரமம் இருக்கவில்லை. அது ஏற்கெனவே அப்படித்தான் நடந்திருக்கிறது.

தொடக்கம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. செங்கேணி என்பது குடிப்பெயர். மேலே சோழப் பேரரசர். பெயரைப் பார்த்தாலே யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று தெரியும். எதிரிலி சோழ சம்புவராயன், விக்கிரம சோழ சம்புவராயன் என்று தன் பெயருக்கு முன்னால் எஜமானன் பெயரைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து விசுவாசப் பத்திரம் அது.

வரும்படி எங்கிருந்து? தறிக்கு இறை, செக்குக்கு இறை. அதற்கு மேல் பாடிகாவல், அதாவது ஊரைக் காவல் காப்பதற்காக ஊரே கொடுக்கும் வரி. சோழப் பேரரசு தளரத் தளர அந்தந்த வட்டாரத் தலைவர்கள் இந்த உரிமையைக் கைக்குள் கொண்டுவந்தார்கள். யாரிடமிருந்து காவல் என்று அக்கா மகன் கேட்டான். பக்கத்து வட்டாரத் தலைவரிடமிருந்துதான் என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டான்.

முதல் சம்பவம்: இரண்டாம் ராஜாதிராஜன் காலத்தில் இலங்கைப் படை பாண்டிய நாட்டில் இறங்குகிறது. அதை எதிர்க்கப் போன சோழப் படையின் தளபதி, எதிரிலி சோழ சம்புவராயனின் மகன். தகப்பன் ஊரில் இருந்தபடி கவலைப்படுகிறார். உமாபதி தேவர் என்ற சைவப் பெரியவரிடம் போய் நிற்கிறார். அவர் 28 நாள் பூஜை செய்கிறார். இலங்கைத் தளபதிகள் தோற்று ஓடிய சேதி வருகிறது. பூஜை செய்தவருக்குக் காஞ்சிபுரத்துப் பக்கம் ஆர்ப்பாக்கம் என்ற ஊரையே எழுதிவைக்கிறார் சம்புவராயர். அந்த ஊர்க் கோயில் கல்வெட்டிலேயே இந்தக் கதை இருக்கிறது. மந்திரவாதி ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று இவர்கள் முன்பே பேசியிருந்தார்களாம். 28 நாள் என்ற கணக்கைக் கேட்டதும், கதை நடத்தப் போகிறவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டாவது, பக்கத்து வீடுகள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் இந்த வட்டாரத் தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உனக்குப் பகைவன் எனக்கும் பகைவன் என்கிற ரகம். செங்கம் கோயில் கல்வெட்டில் சம்புவராயரும், தகடூர் அதியமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாளும், கரிகால சோழ ஆடையூர் நாடாழ்வானும் இப்படி வருகிறார்கள். மேலே பேரரசர் உயிரோடு இருக்கும்போதே கீழே இருக்கிறவர்கள் தனியாகக் கைகோத்துக்கொண்டால் பேரரசு எந்த நிலையில் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஆடையூர் எங்கோ அல்ல, கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர். மாடியிலிருந்து மேற்கே கை நீட்டிக் காட்டினேன்.

மூன்றாவது திருப்பம் 1231. காடவர் வீட்டுக் கோப்பெருஞ்சிங்கன் தன் பேரரசனான மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைக்கிறான். மீட்பதற்குக் கன்னட தேசத்திலிருந்து ஹொய்சள நரசிம்மனின் படை வருகிறது. சிற்றரசன் கையில் சக்கரவர்த்தி கைதி. நீங்கள் சம்புவராயர் வீடாக இருந்தால் அந்த வாரம் யார் பக்கம் நிற்பீர்கள் என்று கேட்டேன். ஐந்து பேரும் ஐந்து பதில் சொல்லி, சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கடைசிக் கட்டம் பதினான்காம் நூற்றாண்டு. சோழர் இல்லை. 1311-ல் மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்துபோய்விட்டது. ஹொய்சள மூன்றாம் வல்லாளன் தன் தலைநகரத்தை இழந்து, 1328 வாக்கில் இதே திருவண்ணாமலைக்கு வந்து உட்கார்ந்து அரசாள்கிறான். கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர்தான். இந்தக் கலக்கத்தில் படவேட்டு வீடு தலைதூக்குகிறது. இப்போது பெயர்களைக் கவனியுங்கள். தகப்பன் வென்றுமண்கொண்டான், மகன் ராஜநாராயணன். எஜமானன் பெயர் முன்னொட்டாக இல்லை. ‘வென்று மண் கொண்டவன்’ என்று தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் துணிச்சல் வந்துவிட்டது. அந்தத் துணிச்சல் சுமார் 40 வருஷம் தாங்கியது. 1360-களில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் படையோடு வந்து ராஜகம்பீரன் மலையை முடித்துவைத்தான். அவன் மனைவி கங்காதேவி அந்தப் போரை ‘மதுரா விஜயம்’ என்று சமஸ்கிருதக் காவியமாகவே எழுதிவிட்டாள். தோற்ற வீட்டின் கதை ஜெயித்த வீட்டு மருமகள் எழுத்தில் மிஞ்சியது.

இன்னொரு சின்ன வீடும் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் செஞ்சி. ஔரங்கசீப் காலத்தில் கோட்டையை வாங்கிய சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங், நம் வாயில் தேசிங்கு ராஜன். ஆற்காட்டு நவாப் சதாத்துல்லா கான் கப்பப் பாக்கி கேட்டான். 22 வயதுப் பையன் கொடுக்க முடியாது என்றான். 1714-ல் போர், தேசிங்கு மாண்டான். நவாபுக்குப் பாக்கி விவகாரம், நமக்கோ பெரிய எழுத்துக் கதைப்பாட்டு. பாராசாரிக் குதிரையும், கல்யாணப் பந்தலிலிருந்து போருக்குப் புறப்பட்ட சிநேகிதன் மோவுத்துக்காரனும் இல்லாமல் இந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டி கதை சொல்லியிருக்கிறாள்? அந்தச் செஞ்சிக் கோட்டை மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து 2025-ல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிவிட்டது.

அன்று திட்டம் போட்டவர்கள்

இவர்கள் போடும் திட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் ஊர்ப் பாரதக் கூட்டம் நினைவுக்கு வந்தது. செங்கம் பக்கத்துக் கிராமம். எழுபதுகளின் கடைசியில் நான் அரைக்கால் சட்டைப் பையன். மாசி அறுவடை முடிந்ததும் திரௌபதியம்மன் கோயில் முன்னால் பெரியவர்கள் உட்காருவார்கள். இந்த வருஷம் பாரதம் வைப்பதா, வைத்தால் பத்து ராத்திரியா பதினெட்டா, தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, எந்தக் கூத்து ஜமாவைக் கூப்பிடுவது, பகலில் பிரசங்கம் யார். கணக்கு எழுத ஊர்க் கர்ணம் நோட்டோடு வருவார். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980-ல் ஒழியும்வரை எங்கள் ஊரின் ‘நிலம், சட்டம், செல்வம்’ என்கிற மூன்று எண்களும் அந்த ஒரு நோட்டுக்குள் இருந்தன.

ஆளை முடிவு செய்ததும் ஜமா வாத்தியார் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைப்பார்கள். தாம்பூலம் வைத்துவிட்டால் பேச்சு மாறக்கூடாது. கொடியேற்றி, காப்புக் கட்டியானதும் பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில்லைவளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், விடிந்தால் படுகளம்.

வில்லிபுத்தூராரைப் பாரதம் பாடச்சொல்லி ஆதரித்தவரும் ஒரு சின்ன வீட்டுக்காரர்தான் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வக்கபாகை என்ற ஊரின் தலைவர் வரபதி ஆட்கொண்டான். அவருடைய கோட்டை எப்படி இருந்தது, படை எத்தனை என்று யாருக்கும் கவலையில்லை. பாரதம் நடக்கும் ஊர்களில் அவர் போட்ட முதல் இன்னும் வட்டி தருகிறது.

கூத்தில் வேடம் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க எங்களுக்கு அனுமதி இருந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், மார்ப்பதக்கம், புஜக்கட்டை. தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். முகத்துக்கு எண்ணெய் தேய்த்து அதன்மேல் அரிதாரம். இடுப்புக் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் நின்று இரண்டு பேர் இழுப்பார்கள், துரியோதனன் “இன்னும், இன்னும்” என்பார். மூச்சு விடுவாரா என்று எனக்குப் பயமாக இருக்கும். பிறகு இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் போய் நிற்பார். முகவீணை கிளம்பும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும்.

கட்டியங்காரன் விடமாட்டான். நீர் யார், எந்த நாடு, யார் மகன், என்ன பராக்கிரமம், எதற்கு வந்தீர் என்று கேட்டுக் கேட்டு ராஜாவைப் பேசவைப்பான். ராஜா அத்தனைக்கும் விருத்தத்திலும் வசனத்திலும் பதில் சொன்ன பிறகுதான் திரை விலகும். மாடியில் நோட்டைப் பார்த்தபோது அந்தக் கட்டியங்காரன் கேள்விகளே வரிசையாக இருந்தன. பெயர், ஊர், தகப்பன், திறமை, நோக்கம். ‘நான் யார்?’ என்று விசாரிக்கச் சொன்ன ரமணர் வாழ்ந்த இடத்துக்கு எதிரிலேயே இந்த விசாரணையும் நடக்கிறது. விடை மட்டும் வேறு ரகம்.

ஒரு வித்தியாசம் பெரியது. கூத்திலும் பகடை உண்டு. சகுனி உருட்டும்போது களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் என்ன விழும் என்று தெரியும். தருமன் தோற்பான், வருஷா வருஷம் தோற்பான். தெரிந்திருந்தும் கிழவிகள் “வேணாண்டா தருமா” என்று கத்துவார்கள். மாடியில் தாம்பாளத்தில் விழும் பகடை யாருக்கும் கட்டுப்பட்டதல்ல. ஆறு மாசம் திட்டம் போட்டு வளர்த்த ராணியை ஒரே உருட்டில் கொன்றுவிடும்.

அதனால் திட்டம் போடுகிறவர் வேலையும் மாறுகிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குக் கதை தயார். பணம், ஆள், மரியாதை இவற்றைத்தான் அவர்கள் திட்டமிட்டார்கள். முதல் மாலை யாருக்கு என்பதில் இரண்டு பங்காளிக் குடும்பங்கள் மோதி ஒரு வருஷம் பாரதமே நின்றுபோனது. இந்தப் பிள்ளைகளுக்குப் பணமும் பந்தலும் பிரச்சினையில்லை. யாருக்கு யார் மேல் கோபம், யாருக்கு யார் கடன் என்பதைத் திட்டமிட வேண்டும். முடிவை எழுதிவைக்கக் கூடாது. முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டால் ஆட்டம் செத்துவிடும் என்றான் அக்கா மகன். முடிவு தெரிந்திருந்தும் சாகாத ஆட்டம் ஒன்று பக்கத்துக் கிராமத்திலேயே நடக்கிறது என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சொன்னது சரிதான்.

இன்று

பாரதம் நிற்கவில்லை. பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி. வந்தது. கூத்துப் பெட்டி மாட்டுவண்டியிலிருந்து வேனுக்கு மாறியது. ஜமாவுக்குப் போன் போட்டுத் தேதி கேட்கிறார்கள். ஆனாலும் நேரில் போய்த் தாம்பூலம் வைக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கமும் பல ஊர்களில் தொடர்கிறது. செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் பரம்பரை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை தொடங்கிய ந. முத்துசாமி நவீன நாடகத்துக்கு வழி தேடி அந்தப் புரிசைக்குத்தான் வந்தார். அன்று ஆண்களே திரௌபதி. காஞ்சிபுரத்துப் பக்கம் கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்ததில், கிரீடம் கட்டிய பெண்களையும் களரி பார்த்துவிட்டது.

இந்தத் தெருவும் மாறியது. ரமணர் 1896-ல் வந்து, மலையில் பல காலம் இருந்து, 1922-ல் தாயார் சமாதியை ஒட்டிக் கீழே இறங்கியபோது இந்த இடம் ஊருக்கு வெளியே. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938-ல் வந்துபோன காலத்திலும் அப்படித்தான். நான் கல்லூரிப் பையனாகச் சைக்கிளில் வந்தபோதுகூட ஆசிரமத்தைத் தாண்டினால் புளியமரமும் மல்லாட்டைக் கொல்லையும்தான். இன்று கொல்லையில் மூன்று மாடி விடுதிகள், காபிக் கடைகள், வாடகை ஸ்கூட்டர். மார்கழி, தை என்றால் தெருவில் பத்து பாஷை கேட்கும். மாடியில் இருந்த ஐந்து பேரில் ஒருவர் ஜெர்மானியர். தியானத்துக்கு வந்தவர், சனிக்கிழமை மட்டும் கோட்டைத் தளபதி. இந்த ஆட்டம் இங்கே வந்துசேர்ந்ததே இப்படி வருகிறவர்கள் மூட்டையிலும், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு மடிக்கணினியோடு வீடு திரும்பிய பிள்ளைகள் மூலமும்தான்.

அன்று ஊர் முழுக்க ஒரே கதைக்கு வரி கொடுத்தது. வாக்குவாதமும் வரப்பு வழக்கும் இருந்தவர்கள்கூட ஒரே களரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சிலரை எட்டி உட்காரச் சொன்ன கொடுமையும் அதே களரியில்தான் நடந்தது. இன்று ஐந்து பேருக்கு ஒரு கதை. யார் வேண்டுமானாலும் ராஜா, யார் வேண்டுமானாலும் ராணி, சாதி கேட்கிறவன் கிடையாது. ஆனால் கீழ்வீட்டுக்காரருக்கு மேலே என்ன நடக்கிறதென்று தெரியாது. சத்தம் கேட்டு ஒருநாள் அவர் “என்ன சண்டை?” என்று ஏறி வந்திருக்கிறார். “கப்பம் கட்டலாமா வேணாமான்னு பேசிக்கிட்டிருக்கோம் சார்” என்றார்களாம். வரி நோட்டீஸ் விவகாரம் என்று நினைத்து இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். சார்ட் மாறியிருந்தது. மேற்கே ஜவ்வாது மலை, வடக்கே பாலாறு, நடுவில் ராஜகம்பீரன் மலை. வருஷக் கடைசிக் கணக்குக்கு ‘குளிர்காலக் கட்டம்’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘ஐப்பசி மழை’ என்று எழுதியிருந்தான். மழை பெய்து ஏரி நிரம்பினால் ஒரு எண் கூடும், உடைந்தால் இரண்டு குறையும். காக்கைக் கொடி போய்க் காளைக் கொடி வந்திருந்தது. கடன் யாருக்கு என்பதும் முடிவாகியிருந்தது: ஒரு பாதி கோயில் பண்டாரத்துக்கு, மறுபாதி திருவண்ணாமலையில் வந்து உட்கார்ந்திருக்கும் வல்லாளனுக்கு. நல்ல இக்கட்டு. வாரிசுக் கட்டம் மட்டும் அப்படியே காலி.

“வாரிசு இல்லாத வீடுன்னாதான் மாமா கதை சூடு பிடிக்கும்” என்றான்.

அந்தக் கதையும் இங்கேயே இருக்கிறது. சரித்திரத்தில் மூன்றாம் வல்லாளனுக்கு விருபாட்ச வல்லாளன் என்று மகன் உண்டு. தகப்பன் 1342-ல் மதுரை சுல்தானோடு நடந்த போரில் மாண்டபின் அவன் பட்டத்துக்கு வந்தான். ஊர் வைத்திருக்கும் கதையில் வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளையில்லை. அண்ணாமலையாரே குழந்தையாக வந்து ‘நான் உனக்குப் பிள்ளை’ என்று வாக்குக் கொடுத்தார். வாக்கை இன்றுவரை கோயில் காப்பாற்றுகிறது. தைப்பூசத்தன்று ஈசானிய தீர்த்தத்தில் தீர்த்தவாரி முடிந்து சுவாமி திரும்பும் வழியில் ராஜா இறந்த சேதியைச் சொல்வார்கள். மேளதாளம் நின்றுவிடும். சத்தமில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக் கரைக்கு எழுந்தருளி, மகன் ஸ்தானத்தில் ராஜாவுக்குத் திதி கொடுப்பார்.

கோட்டை போய், படை போய், மாவட்டப் பெயர்ப்பலகையும் போனபின் ஒரு ராஜ வீட்டில் மிஞ்சுவது என்ன என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. இப்படி ஆட்டம் போடுகிறவர்கள் உங்கள் வீட்டு மாடியிலும் இருந்தால், திட்டம் போடுவதற்கு முன் ஒருமுறை படவேட்டு மலையையும் செங்கம் கோயில் சுவரையும் பார்த்துவரச் சொல்லுங்கள். மாசி மகத்துக்கு எங்கள் ஊருக்கு வந்தால் பள்ளிகொண்டாப்பட்டுக்கு ஆட்டோ கிடைக்கும். அந்த வருஷம் மகம் சனிக்கிழமை விழுந்தது. அக்கா வீட்டு மாடியில் அன்றைக்கு ஆட்டம் இல்லை.